டபுள் பக்கி

ஈஸ்ட் ஹாம், லண்டன்.
ஐப்பசி மாதம், ஞாயிறு இரவு.

அன்புள்ள அண்ணனுக்கு,

 

போன் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, இவள் ஏன் காகிதத்தில் எழுதி, அதையும் வீட்டுக்கு அனுப்பாமல் உன் மெக்கானிக் ஷெட் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறாள் என்று யோசிப்பாய். குடும்பக் குரூப்பில் போட்டால் அம்மா படிப்பாள். படித்த கையோடு அத்தைக்குப் போன் போடுவாள். அத்தையும் மாமாவும் மகன் வீட்டுக்கென்று ஆறு மாத விசாவில் வந்து இப்போது என் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். லண்டன் ஹாலில் உட்கார்ந்து நான் அனுப்பும் சேதி திண்டிவனம் போய், லண்டன் படுக்கையறைக்கு வந்துசேர ஐந்து நிமிஷம்கூட ஆவதில்லை. உனக்குத் தனியாக அனுப்பலாம் என்றால் உன் போன் உன் பிள்ளைகள் கையில். அதனால்தான் இந்தத் தபால்.

விஷயம், நீ அனுப்பிய பணம். பெரியவள் பிறந்தபோது மாமன் சீராகத் தொட்டில் போட முடியவில்லை என்று உனக்கு ஒரு குறை. சின்னவன் பிறந்ததும், "ரெண்டுத்துக்கும் சேத்து ஒரே வண்டியா வாங்கிடு, மாமன் சீர்னு சொல்லு" என்று 40,000 ரூபாய் போட்டுவிட்டாய். இங்கே அது 350 பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. அன்றிலிருந்து "வண்டி போட்டோ எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய். நானும் குழந்தை போட்டோ, மழை போட்டோ, வேலிமேல் அணில் போட்டோ என்று அனுப்பிச் சமாளித்துவிட்டேன். இனி முடியாது. சீர்ப் பணத்துக்குக் கணக்கு சொல்லியாக வேண்டும். கணக்கு கொஞ்சம் கோணல்; ஆகவே முதலிலிருந்து வருகிறேன்.

முதல் சிக்கலே பெயரில். "ரெண்டு பிள்ளைக்கும் தள்ளுவண்டி பாக்கறோம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "மாப்பிள்ளைக்கு வேலை போயிடுச்சா?" என்றாள். அம்மாவுக்குத் தள்ளுவண்டி என்றால் மேம்பாலத்துப் பக்கம் கொய்யாப்பழம் விற்பது, தெருமுனையில் இஸ்திரி போடுவது, சாயங்காலமானால் பஜ்ஜி போடுவது. மகள் லண்டனில் பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு பஜ்ஜி போடப் போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். இங்கே ஹை ஸ்ட்ரீட்டில் பஜ்ஜிக்கு நல்ல கிராக்கி என்பது வேறு கதை.

வெள்ளைக்காரர்கள் இதற்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். படுத்தபடி போனால் பிராம். உட்கார்ந்தபடி போனால் புஷ்சேர். பேச்சில் எல்லாமே பக்கி. ஆமாம், பக்கி. அத்தை வந்த முதல் வாரம் பஸ்ஸில் போனோம். பெரியவள் ரெண்டு கையிலும் முறுக்கு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த அம்மையார் வண்டியைப் பார்த்து, "லவ்லி பக்கி" என்றார். நானும் சிரித்துத் தலையாட்டினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிடித்துக்கொண்டார் அத்தை. "பெத்த புள்ளய மூஞ்சிக்கு நேரா பக்கின்றா, நீயும் பல்லக் காட்டிக்கினு நிக்கிற!" விளக்கிச் சொன்னேன். புரிந்ததும் மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரெண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து டபுள் பக்கி என்று பெயர் நிலைத்துவிட்டது. வண்டிக்குத்தான் பெயர் இல்லை.

வண்டி எதற்கு, இடுப்பு என்ன ஆச்சு என்று நீ கேட்கமாட்டாய், அம்மா கேட்டாள். இடுப்பு இருக்கிறது. உன் மாப்பிள்ளை காலை 7 மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். அத்தை வருவதற்கு முன்னால், சின்னவனுக்கு எடை பார்க்க கிளினிக், பெரியவளுக்கு நர்சரி, கடை, தபால் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தி. பெரியவள் சரியாக நூறு அடி நடப்பாள். நூற்றியொன்றாவது அடியில் தரையில் உட்கார்ந்துவிடுவாள், மழையாக இருந்தாலும். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சின்னவன் படுத்திருக்கும் பழைய ஒற்றை வண்டியை ஒரு கையால் தள்ளினால், அது நேராகப் போகாமல் செக்குமாடு மாதிரி வட்டம் போடுகிறது. வண்டி வேலை தெரிந்த நீ காரணம் சொல்லிவிடுவாய். எனக்குக் கை வலிதான் தெரிந்தது.

அப்போதெல்லாம் அப்பாவின் டிவிஎஸ் 50 நினைவு வரும். 1980-ல் ஓசூரில் அதைச் செய்து இறக்கியபோது, ரெண்டு பேர் உட்காரும் மொபெட், இந்தியாவிலேயே முதல் தடவை என்றுதான் சொன்னார்களாம். நாம் எத்தனை பேர் போனோம்? முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நீ நிற்பாய், அப்பா, அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு நான், எனக்குப் பின்னால் அம்மா, அம்மா மடியில் மல்லாட்டைப் பை. பங்குனி உத்திரத்துக்கு அப்படியே மயிலம் போய், அப்படியே திரும்பி வந்திருக்கிறோம். இப்போது 2023 பிப்ரவரியிலிருந்து நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை ஏற்றினால் பாதுகாப்புப் பட்டை போட வேண்டும், ஹெல்மெட் மாட்ட வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வந்திருக்கிறது. உன் ஷெட்டுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நீதான் சொல்ல வேண்டும். நாலு பேரோடு அப்பா வண்டி ஒரு நாளும் 40-ஐத் தொட்டதில்லை. அந்த வகையில் அப்பா, சட்டம் வருவதற்கு முன்பே சட்டத்தை மதித்தவர்.

சரி, கடைக்குப் போனோம். நான், உன் மாப்பிள்ளை, அத்தை, மாமா, டபுள் பக்கி. பெண் பார்க்கப் போவதுபோல ஒரு கூட்டம். இரட்டை வண்டியில் ரெண்டே சாதி. ரெண்டு பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது ஒன்று, ஒருத்தர் பின்னால் ஒருத்தர் உட்காருவது மற்றொன்று. விற்பனைப் பையன் பத்து நிமிஷம் விளக்கியதை மாமா ஒரே வரியில் முடித்தார். விழுப்புரம் ஜங்ஷனில் காலமெல்லாம் வேலை பார்த்தவர் இல்லையா? "இது டபுள் லைன். இது சிங்கிள் லைன்ல ரெண்டு கோச். டபுள் லைன் செங்கல்பட்டு போற மாதிரி, யாரும் யாருக்கும் நிக்க வேணாம். சிங்கிள் லைன் காட்பாடி மாதிரி, முன்னாடி இருக்கிறவன் நகந்தாத்தான் பின்னாடி இருக்கிறவனுக்கு சிக்னல்." பையன் பணிவாகக் கேட்டுக்கொண்டான். ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனால் மாமா குரலில் அதிகாரம் அப்படி.

இதில் அத்தைக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் பெரியவள் சின்னவன் கண்ணை நோண்டிவிடுவாள் என்பது அத்தையின் கட்சி. ஒருத்தர் பின்னால் ஒருத்தர் என்றால் பின்னால் உட்காருகிற பிள்ளை காலத்துக்கும் பின்னாலேயே நின்றுவிடும் என்பது அம்மாவின் கட்சி. யார் முன்னால், யார் பின்னால் என்று வந்தபோது இன்னும் முற்றியது. "மூத்தது முன்னாடி, அதான் முறை" என்றார் அத்தை. "கைப்பிள்ள முகம் தாய் கண்ணுல படணும்" என்றாள் அம்மா. இந்த விஷயத்தை மட்டும் ரெண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. அத்தை என்னிடம் சொல்வார், நான் போனில் அம்மாவிடம் சொல்வேன், அம்மா சொல்வதை ஸ்பீக்கரில் அத்தையே கேட்டுவிடுவார், ஆனாலும் நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் கோபப்படுவார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நாற்பது கிலோமீட்டர்கூட வராது; அவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு இவ்வளவு கருத்து வேற்றுமை!

கடையில் இருந்த ரகங்களைச் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் பிறந்த பில் அண்ட் டெட்ஸ் என்று ஒன்று. மேலே ஒரு சீட்டு. பின்னால் தாழ, சக்கரங்களுக்கு நடுவே இன்னொன்று. மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இது லோயர் பெர்த் இல்ல, சீட்டுக்கு அடியில லக்கேஜ்" என்று தள்ளிவிட்டார். நெதர்லாந்தின் புகாபூ கம்பெனி 2011-ல் கொண்டுவந்தது இன்னொன்று. ஒரு பிள்ளை இருக்கும்போது ஒடுக்கமாக இருக்கும், ரெண்டாவது வந்ததும் இழுத்து அகலமாக்கிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். பெயர்தான் டாங்கி. கழுதை! விலை ஆயிரம் பவுண்டுக்கு மேலே. "கழுதைக்கு லட்ச ரூபாயா?" என்று அத்தை கேட்ட கேள்விக்குத் தமிழ் தெரியாதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா சமாதானம் பண்ணினார். 1733-ல் வில்லியம் கென்ட் என்பவர் டெவன்ஷர் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு வண்டி செய்தாராம், சிப்பி வடிவத்தில், ஆட்டையோ குட்டிக் குதிரையையோ பூட்டி இழுக்கிற மாதிரி. இதை உன் மாப்பிள்ளை போனில் படித்துச் சொன்னதும் மாமா, "அப்ப ஆடே தேவலாம், கழுதையைவிட சல்லிசு" என்றார். எங்கள் வாடகைப் பத்திரத்தில் ஆடு வளர்க்க இடமில்லை.

உனக்குப் பிடிக்கிற கதை ஒன்று உண்டு. மக்லாரன் என்று ஒரு எஞ்சினியர். யுத்த காலத்து ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு உள்ளே மடங்குகிற சக்கரக் கால் வடிவமைத்ததில் பங்குள்ளவர். ஓய்வு பெற்ற பிறகு மகள் பேரக்குழந்தையோடு வந்திருக்கிறாள். கூடவே வந்த பிராமோ மலைபோல. அதைத் தூக்கி இறக்கி அவள் படுகிற பாட்டைப் பார்த்த தாத்தா, அலுமினியக் குழாய்களை வைத்து, விமானச் சக்கரம் மடங்குகிற சூட்சுமத்தில், குடைமாதிரி மடங்குகிற வண்டி ஒன்றை 1965-ல் செய்துவிட்டார். எடை மூன்று கிலோகூட இல்லை. இப்போது உலகத்தில் குடைமாதிரி மடக்குகிற பக்கிகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தாத்தாதான் மூதாதை. இதை மாமாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய், எங்கள் பழைய வண்டியின் மடிப்பை நாலு தரம் திறந்து மூடிப் பார்த்தார். ஐந்தாவது தரம் மூடவில்லை. இன்றுவரை அது முக்கால்தான் மடங்குகிறது. அத்தைக்குத் தெரியாது.

ஆனால் இரட்டை வண்டிக்கு அந்தச் சொகுசு கிடையாது. காலி வண்டியே 15 கிலோ இருக்கிறது. நாங்கள் இருப்பது முதல் மாடி, 13 படி. கீழே நடையில் விட்டுவிட்டுப் போகலாமே என்றால், தீப்பிடித்தால் ஓட வழி வேண்டும், எதையும் வைக்காதே என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. பாதாள ரயில் 1863-ல் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் படி வெட்டினவர்கள் என்னை மனதில் வைத்து வெட்டவில்லை. 272 ஸ்டேஷனில் மூன்றில் ஒரு பங்கில்தான் படி ஏறாமல் போக முடியும். நல்லவேளை, 2022-ல் திறந்த எலிசபெத் லைன் பக்கத்து மேனர் பார்க் வழியாகப் போகிறது. அதன் 41 ஸ்டேஷனிலும் படி இல்லாமல் போகலாம். ராணி புண்ணியவதி.

பஸ்ஸில் வேறு சட்டம். நடுவில் சக்கர நாற்காலிக்கென்று இடம் விட்டிருக்கிறார்கள். காலியாக இருந்தால் பக்கி நிற்கலாம். நாற்காலியில் யாராவது வந்தால் நாம் ஒதுங்க வேண்டும். இதற்காகவே ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டக் பாலி என்று ஒருவர் 2012-ல் வெதர்பியிலிருந்து லீட்ஸ் போக பஸ்ஸில் ஏறப் போனார். அந்த இடத்தில் தூங்குகிற பிள்ளையோடு ஒரு தாய். வண்டியை மடக்க முடியாது, நகரவும் மாட்டேன் என்றுவிட்டாள். அந்தப் பஸ்ஸில் ஏற முடியாமல் போன அவர் வழக்குப் போட்டார். டிரைவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, இன்னும் அழுத்தி முயற்சி செய்ய வேண்டும் என்று 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு நியாயமாகத்தான் படுகிறது. பக்கியை மடக்கலாம், நடக்க முடியாதவர் நாற்காலியை மடக்க முடியாது. ஆனால் ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒரு பிள்ளையைத் தோளிலும் போட்டுக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் டபுள் பக்கியை மடக்குவது எப்படி என்று அந்த நீதிபதிகள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து நாலு கை வேண்டும். முருகனுக்கே பன்னிரண்டு இருக்கிறது, அவரும் மயில்மேல்தான் போகிறார்.

இதற்கு நடுவே மாமா ஒரு நிபந்தனை வைத்தார். தை மாதம் ஊருக்கு வரும்போது அந்த வண்டி விழுப்புரத்திலும் ஓட வேண்டும். நாலு முனை சிக்னலில் டபுள் பக்கியைத் தள்ளிக்கொண்டு நான் நிற்பதை நினைத்துப் பார். ஒரு பக்கம் டவுன் பஸ், ஒரு பக்கம் கரும்பு டிராக்டர், நடுவில் சக்கரத்தைப் பார்த்துக் குரைக்கிற நாய். நம் ஊரில் இது ஓடாது மாமா என்றேன். "ஓடாத வண்டிய எதுக்கு வாங்கற?" என்றார். அதற்குப் பதில் எனக்கு அப்போது தெரியவில்லை.

கடைசியில் புதுசு வாங்கவில்லை அண்ணா. ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில், பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற ரகம், ஒரு வருஷம் ஓடினது, 180 பவுண்டுக்குக் கிடைத்தது. அம்மாவின் கட்சி ஜெயித்தது என்று வைத்துக்கொள். நீ சொல்லிக்கொடுத்தபடி பேரிங் பார்த்தேன், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், பிரேக் பிடித்துப் பார்த்தேன். உன் தங்கச்சி சோடை போகவில்லை. அகலம் அளந்தேன்: 74 சென்டிமீட்டர். உன் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர் வீட்டுக் கதவை அளந்து 76 சொச்சம் என்றார். ரெண்டு சென்டிமீட்டர் லாபம். பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

13 படி தூக்கினோம். அவர் மேலே, நான் கீழே, மாமா பின்னாலிருந்து கொடி காட்டுகிற தோரணையில். வாசலுக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. தள்ளினோம். சாய்த்தோம். நகரவில்லை. இப்போது நீ சிரிக்கிறாய், எனக்குத் தெரியும். "டப்பாக்கு மூடி வாங்கும்போது மூடிய அளக்காதே, வாய அளந்து பாரு" என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! அவர் அளந்தது கதவை. திறந்து நிற்கும்போது கதவின் கனம் ஒரு பக்கம் உள்ளே நிற்கிறது, அந்தப் பக்கம் நிலையின் சட்டம் துருத்துகிறது. மிஞ்சின வழி 72-க்கும் குறைவு. மாமா ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். "இன்ஃப்ரிஞ்ச்மென்ட்" என்றார். ரயில்வேயில், வண்டி போகிற வழியில் ஏதாவது முட்டினால் அதுதான் வார்த்தையாம். பிறகு எங்களுக்குப் புரிவதற்காக, "கதவு மீட்டர் கேஜ், வண்டி பிராட் கேஜ்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தரம் வெளியே போகவும் ஒரு பக்கத்து ரெண்டு சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஒருக்களித்து வெளியே எடுத்து, படி இறக்கி, மறுபடி மாட்டி, பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அதற்குள் சின்னவன் டயபரை நனைத்துவிடுவான். மறுபடி மேலே. கிளினிக்குக்கு 10 மணி என்றால் 8 மணிக்கே பஞ்சர் கடை திறந்துவிடுவோம். மாமாவுக்கு மட்டும் பரம சந்தோஷம். ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக அவருக்கு ஷிப்ட் டியூட்டி கிடைத்திருக்கிறது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆறாவது நாள் பெரியவள் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். முதுகை வில்லாக வளைத்து, பட்டையை உதறி, தெருவே பார்க்க ஒரு கத்தல். அவளுக்கு உட்கார வேண்டாம், தள்ள வேண்டும். சரி என்று கீழே விட்டால், நூறு அடியில் உட்காருகிற பிள்ளை அரை மைல் தள்ளிக்கொண்டு நடக்கிறது! அவள் சீட்டு காலியாக இருக்கிறதே என்று ஒரு நாள் கடையில் பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டையை அதில் உட்கார வைத்து, வழுக்காமல் இருக்கப் பட்டையும் போட்டேன். எதிரே வந்த பாட்டி இரட்டைக் குழந்தைகளா என்று ஆசையாகக் குனிந்து பார்த்தார். இடது பக்கம் சின்னவன். வலது பக்கம் பொன்னி. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மேனர் பார்க் முருகன் கோயிலில்தான் விடிவு வந்தது. வாசலில் செருப்பு வரிசைக்குப் பக்கத்தில் பக்கி வரிசை ஒன்று நிற்கும். திரும்பி வந்து நம்முடையதைத் தேடி எடுக்க வேண்டும். அன்றைக்கு நம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மகளுக்கு இரட்டைப்பிள்ளை வயிற்றில். "உந்த வண்டிலை விக்கிறியளோ பிள்ளை?" என்றார். அவர்கள் பேச்சில் வண்டி வண்டில்தான். எனக்கு வாய் துறுதுறுத்தது, "எடுத்துக்கோங்க" என்று. ஆனாலும் மனசாட்சி. "அக்கா, முதல்ல போய் வாசல அளந்துட்டு வாங்க. கதவ அளக்காதீங்க, வழிய அளங்க" என்றேன். மறுநாளே அளந்துவிட்டார். தரைத்தள வீடு, அகலமான வாசல். 150 பவுண்டுக்குப் பேசி முடித்தோம். எடுத்துப் போக வந்த அவர் மருமகன், சக்கரத்தைக் கழற்றாமல் நான் படியில் இறக்கித் தருவேன் என்று காத்திருந்தார். மாமாதான் கடைசி டியூட்டியைச் செய்தார்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? பழைய ஒற்றை வண்டியே போதும் என்று அதன் பின்னால் மாட்டுகிற பலகை ஒன்று வாங்கினேன். சின்னப் பலகை, அடியில் ரெண்டு சக்கரம், விலை 60 பவுண்டு. சின்னவன் முன்னால் படுத்திருப்பான். பெரியவள் பலகையில் ஏறி, தள்ளுகிற கைப்பிடிக்குக் கீழே குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் வயிற்றுக்கு முன்னால் நிற்பாள். அவள் தலை என் முகவாயில் இடிக்கும். நடக்கும்போது என் முழங்கால் பலகையில் இடிக்கும். 72 என்ன, 60-லேயே கதவில் நுழைகிறது. முதல் நாள் அவள் அதில் நின்றுகொண்டு ஹை ஸ்ட்ரீட்டில் போனபோது "பாம், பாம்" என்று ஹாரன் அடித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீயும் அப்படித்தான் அடிப்பாய், டிவிஎஸ்ஸின் ஹாரன் வேலை செய்யாததால்.

கணக்கு இதுதான். வரவு 348. இரட்டை வண்டி 180 போனது, 150 வந்தது, நஷ்டம் 30. பலகை 60. ஆகச் செலவு 90, கையில் 258 பவுண்டு இருக்கிறது. திருப்பி அனுப்பினால் உனக்குக் கோபம் வரும். தை மாதம் வருகிறோம் அல்லவா, மயிலத்தில் ரெண்டுக்கும் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். உன் மடியில்தான் உட்கார வேண்டும். ரெண்டு ஜோடித் தோடு அதில் எடுத்துவிடு. தங்கம் விற்கிற விலையில் அந்தப் பணம் காணாது என்று எனக்கும் தெரியும். மீதி மாமன் பாடு. வண்டி கொண்டுவர மாட்டேன். அங்கே வந்தால் ரெண்டும் தரையில் இறங்கப் போவதில்லை. அண்ணி ஒன்று, நீ ஒன்று.

ஒரு உதவி. அம்மாவிடம் டபுள் வண்டி விற்ற கதையைச் சொல்லாதே. தன் கட்சி தோற்றது என்று தெரிந்தால், இங்கே அத்தைக்கு அன்றே திருவிழா. விற்பதற்கு முதல் நாள் வண்டியோடு ஒரு படம் எடுத்து இதில் வைத்திருக்கிறேன். இதை நீயே மொபைலில் எடுத்து, மாமன் சீர் என்று குரூப்பில் போட்டுவிடு. பெரியவள் ஏன் வண்டிக்கு வெளியே நிற்கிறாள் என்று கேட்டால், போட்டோவுக்காக என்று சொல். வலது சீட்டில் வெள்ளையாகத் தெரிவது அரிசி மூட்டை. அந்தப் பக்கம் மட்டும் வெட்டிவிட்டுப் போடு.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி

பி.கு: பலகையின் இடது சக்கரம் கீச்சென்று கத்துகிறது. வீட்டில் வேறு இல்லாததால் அத்தையின் தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன். குளிரில் உறைந்துபோய் இப்போது சக்கரமே சுற்றவில்லை. இதற்கு என்ன செய்வது என்று மட்டும் வாட்ஸ்அப்பில் சொல். வண்டி என்று எழுதாதே. தையல் மெஷின் என்று எழுது.